மரியஅந்தோணி போட்ட மார்க்

"பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள ஒரு மார்க் சொல்லுங்கய்யா. பூஜ்யம்னா எரிச்சலே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியல. இந்த ரெண்டு வாரத்துல உங்களுக்கு எவ்வளவு?"

டாக்டர் ஷிஃபா பேனாவைத் தாளின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மரியஅந்தோணி தன் பாதங்களைப் பார்த்தார். மிளகாய்த்தூளைக் கரைத்துத் தடவியதுபோல் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் நாள் எட்டு என்று சொல்லியிருந்தார். இன்றைக்கும் எட்டுதான். ஒன்பது என்றாலும் பொய்யாகாது.

ஆனால் எதிரே இருந்த முகம், பரீட்சை முடிவுக்குக் காத்து நிற்கும் பிள்ளையின் முகமாக இருந்தது. முப்பது வயதுகூட இருக்காது.

"ஆறு போட்டுக்குங்கம்மா."

"நிஜமாவா?"

"வித்தியாசம் நல்லாவே தெரியுது."

டாக்டரின் முகம் மலர்ந்தது. அந்தோணிக்கு ஒரு கணம் கால் எரிச்சலே மறந்துவிட்டது.

மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் மேனேஜர். சாம்பார் தீர்ந்துவிட்டால் "வந்துகிட்டே இருக்கு" என்பார். ஜெனரேட்டர் படுத்துவிட்டால் "ரெண்டே நிமிஷம்" என்பார். சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டு யாரோ கொடுத்த காபியை, கொடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று முழுவதும் குடித்துவிட்டு "பிரமாதம்" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தவர். யார் முகத்துக்கு நேரேயும் 'நல்லா இல்லை' என்று சொன்னதே கிடையாது.

சர்க்கரை வியாதி வந்து பன்னிரண்டு வருடம். பாதத்தில் எரிச்சல் வந்து மூன்று வருடம். உள்ளே நெருப்பு, வெளியே தொட்டால் மரக்கட்டை. எத்தனையோ மாத்திரை பார்த்தாகிவிட்டது. குவைத்தில் நர்சாக இருக்கும் மகள் லின்சிதான் இதைக் கண்டுபிடித்தாள்.

"அப்பா, தஞ்சாவூர்லயே ஒரு ஆராய்ச்சி நடக்குது. சர்க்கரையால கால் எரியிறவங்களுக்குப் புது மருந்து. இங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல தேடினேன். ஆள் சேர்க்கறாங்க, போன் நம்பரும் போட்டிருக்கு. போறீங்களா?"

மனைவி அருள்செல்வி செல்போனைப் பிடுங்கிக்கொண்டாள். "எலிக்குக் குடுத்துப் பாக்குறத உங்கப்பாவுக்குக் குடுக்கச் சொல்றியா?"

"எலிக்கெல்லாம் குடுத்து முடிச்சாச்சும்மா. இப்ப மனுஷங்க முறை."

போன இடத்தில் நர்ஸ் மங்களாம்பிகை பதினெட்டுப் பக்க சம்மதப் படிவத்தைச் சத்தமாக வாசித்தாள். நாலாம் பக்கத்திலேயே அவள் தொண்டை வறண்டுவிட்டது.

"போதும்மா. தண்ணி குடிங்க. நீங்க தப்பாவா எழுதியிருக்கப் போறீங்க?"

"முழுசும் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடணும் ஐயா. சட்டம்."

அவள் வாசித்தாள். 'இந்தப் பொண்ணுக்கு யாராவது ஒரு சோடா வாங்கித் தந்தால் தேவலையே' என்று நினைத்தபடியே பதினெட்டுப் பக்கத்துக்கும் தலையாட்டினார். ஒரு வரிகூட உள்ளே போகவில்லை.

'ஆறு' சொன்ன அன்று வெளியே வந்தபோது மங்களாம்பிகை அவரிடம் சொன்னாள்: "டாக்டரம்மா இன்னிக்கித்தான் சிரிச்சாங்க. அவங்க வாப்பாவுக்கு அதிராம்பட்டினத்துல சர்க்கரையால ஒரு காலையே எடுத்துட்டாங்க. அதுலேருந்து இந்த மருந்துதான் அவங்களுக்கு எல்லாம்."

அந்த நிமிடமே அந்தோணி முடிவு செய்துவிட்டார். இனி எட்டு என்ற எண் தன் வாயிலிருந்து வராது.

பெஞ்சில் பக்கத்தில் அஹமது கபீர் உட்கார்ந்திருந்தார். கூத்தாநல்லூரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். அதே ஆராய்ச்சி, அதே எரிச்சல். மின்விசிறி சத்தம் போடுகிறது, மாத்திரை தொண்டையில் சிக்குகிறது, டீயில் பால் இல்லை என்று வந்ததிலிருந்து குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எப்படி பாய்? குறைஞ்சிருக்கா?"

"குறைஞ்சிருக்கு. நல்லாத் தூங்குறேன். செருப்பு மாட்ட முடியுது."

"அப்ப என்ன மார்க் போட்டீங்க?"

"ஆறு."

"ஆறா? நல்லாத் தூங்குறேன்னு சொன்னீங்களே பாய்! ஒரு மூணாவது போடக்கூடாதா?"

"ஏன் போடணும்? முழுசாப் போயிடுச்சா? கல்யாணத்துல மொய் எழுதுறாப்புல எழுதச் சொல்றீங்களா?"

நன்றி கெட்ட மனுஷன் என்று அந்தோணி நினைத்துக்கொண்டார். மருந்து பாய்க்குக் கேட்கிறது. தன் காலுக்குத்தான் கேட்கவில்லை. கோளாறு தன் காலில். அதற்காக அந்தப் பெண்ணின் மருந்துக்கு ஏன் கெட்ட பெயர்?

வீட்டில் எழுத ஒரு டைரி கொடுத்திருந்தார்கள். தினமும் மாலையில் அன்றைய மார்க்கைத் தானே எழுத வேண்டும். தினமும் எழுதினால் கை உண்மையை எழுதிவிடுமோ என்ற பயத்தில், பதினைந்து நாளையும் சேர்த்துத் தஞ்சாவூர் பஸ்ஸிலேயே எழுதினார். ஆறு, ஆறு, ஐந்து, ஆறு, ஐந்து. ஒரேயடியாக இறங்கினால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே ஏற்றியும் வைத்தார். மை மாறித் தெரிவதற்கு நீலப் பேனா ஒன்று, கறுப்புப் பேனா ஒன்று. வடுவூர் தாண்டிப் பஸ் குலுங்கியபோது எழுத்து கோணியது. அதுவும் நல்லதற்குத்தான், நிஜம்போல இருந்தது.

அடுத்த முறை நாலு. அதற்கடுத்த முறை மூன்று.

"இவ்வளவு நல்லா இருக்குன்னா நடந்து பாத்துடலாமா ஐயா? வராந்தாவுல ஆறு நிமிஷம், செருப்பில்லாம," என்றார் டாக்டர்.

அந்தோணி நடந்தார். மொசைக் தரை தணலாக இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் நடப்பவர்போல நெஞ்சை நிமிர்த்தி, வழியில் நின்றவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லியபடி ஆறு நிமிடம் நடந்தார். முடித்ததும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்து இரண்டு கால்களையும் நீட்டியபடி வெகுநேரம் நின்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குள் ஹைதராபாத்திலிருந்து மருந்துக் கம்பெனிக்காரர்கள் இருவர் பதிவேடு பார்க்க வந்துவிட்டார்கள். "இவருதானா அந்த மூணு?" என்று ஒருவர் டாக்டரிடம் கேட்டதாக மங்களாம்பிகை சொன்னாள். பெயர் போய், மார்க்கே பெயராகிவிட்டது. இனி எப்படி ஏற்றிச் சொல்வது?

அருள்செல்விக்கு மட்டும் கணக்கு இடித்தது.

"மூணுங்கிறீங்க. போர்வை படக்கூடாதுன்னு கால வெளிய நீட்டிக்கிட்டே கிடக்குறீங்க. முன்னைக்கு இப்ப கூடத்தானே இருக்கு?"

"குணமாகும்போது அப்படித்தான் இருக்குமாம்."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான்."

ஆடி முழுக்க மண்டபம் காலி. ஆவணி பிறந்ததும் அடுத்தடுத்து ஏழு கல்யாணம். மூன்றாவது கல்யாணத்தில் மேடை அலங்காரத் துணியிலிருந்து விழுந்த குண்டூசி ஒன்று அவருடைய வலது கட்டைவிரலுக்குள் ஏறியது. அவருக்குத் தெரியவில்லை. தாலி கட்டி, பந்தி முடிந்து, பெண்ணை அழைத்துப் போகும் வரைக்கும் அதன்மேலேயே நடந்துகொண்டிருந்தார். சாயங்காலம் கூட்டுகிற பெண்தான், "மேனேஜர் சார், தரையெல்லாம் ரத்தப் பொட்டா இருக்கே, யாரோடது?" என்று கேட்டாள். இரண்டு பேருமாகப் பொட்டுகளைத் தொடர்ந்து போனார்கள். அவை அவருடைய நாற்காலியில் வந்து முடிந்தன.

ஊசியைப் பிடுங்கிப் போட்டார். ஆஸ்பத்திரியில் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தார். 'மருந்து சாப்பிட்டவருக்குக் காலில் புண்' என்று எழுதுவார்கள். அந்தப் பெண்ணின் முகம் என்னவாகும்? துணியைச் சுற்றி, மேலே சாக்ஸ் போட்டுக்கொண்டார். அந்த வாரம் டைரியில் ஏழு நாளும் ஒன்று.

எட்டாம் நாள் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. அருள்செல்வி சாக்ஸைக் கழற்றினாள். கட்டைவிரல் கறுத்திருந்தது. அவள் கத்தவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. அமைதியாக டைரியை எடுத்துப் பையில் வைத்தாள், கார் பிடித்து அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் ஷிஃபா விரலைப் பார்த்தார். டைரியைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

"நேத்து ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

அந்தோணி கண்ணை மூடிக்கொண்டார்.

"நிஜத்துல எவ்வளவு ஐயா?"

"பத்தும்மா."

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே எட்டுக்குக் குறையல. நீங்க அவ்வளவு ஆசையாக் கேட்டீங்க. இல்லேன்னு சொல்ல வாய் வரல."

டாக்டர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் நல்ல சேதி கேக்கல ஐயா. உண்மையத்தான் கேட்டேன். எட்டுன்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே கால நல்லாப் பாத்திருப்பேன். வாரா வாரம் வரச் சொல்லியிருப்பேன். இந்தப் புண் இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"மன்னிச்சுக்குங்கம்மா."

"என்கிட்ட கேக்காதீங்க. அவங்ககிட்ட கேளுங்க."

அருள்செல்வி சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அவளிடமும் அவர் எதையும் 'நல்லா இல்லை' என்று சொன்னதில்லை. அவள் சமைத்த குழம்பு உட்பட, அவளுடைய கவலை உட்பட எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். அவர் எதைச் சொன்னால் நம்புவது என்று அவளுக்கு இப்போது தெரியவில்லை. அது அவருக்கும் புரிந்தது. விரலைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

சோதனையில் இருப்பவருக்கு ஆபத்து என்றால் மட்டும் பிரிக்க வேண்டிய முத்திரையிட்ட கவர் ஒன்று உண்டு. டாக்டர் அதைப் பிரித்துப் படித்தார். மடித்துக் கோப்பில் வைத்தார். அன்று மாலையே அறுவை சிகிச்சை. கட்டைவிரல் போயிற்று. பாதம் தப்பியது.

லின்சி லீவு போட்டு ஓடிவந்தாள். பத்து நாள் அப்பாவுக்குக் கட்டு மாற்றினாள். தினமும் காலையில் "எப்படி இருக்குப்பா?" என்று கேட்டாள். முதல் நாள் அவர் "பரவாயில்ல" என்று ஆரம்பித்து, அருள்செல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"வலிக்குது. நிறைய வலிக்குது."

அருள்செல்வி முதல்முறையாக அவர் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று மங்களாம்பிகை கையெழுத்து வாங்க வந்தாள். ஆராய்ச்சியிலிருந்து விலகுவதற்கான தாள். இந்த முறை அந்தோணி ஒவ்வொரு வரியையும் படித்தார். படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டபின், மெதுவாகக் கேட்டார்.

"நான் செஞ்சது தப்புதாம்மா. ஆனா ஒண்ணு சொல்லு. மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு நான் போட்ட மார்க்கால, டாக்டரம்மா மருந்துக்குக் கொஞ்சமாவது நல்ல பேரு கிடைச்சிருக்குமில்ல?"

மங்களாம்பிகை தாளை வாங்கிக் கோப்பில் செருகினாள்.

"மருந்தையும் மருந்தில்லாத வெறும் மாவு மாத்திரையையும் ஆளுக்கொண்ணாக் குடுத்து ஒப்பிட்டுப் பாக்குறதுதான் ஐயா இந்த ஆராய்ச்சி. அன்னிக்கி டாக்டரம்மா பிரிச்ச கவர்ல இருந்துச்சு, உங்களுக்கு வந்தது மாவு. நீங்க ஒவ்வொரு தடவை குறைச்சுப் போட்டப்பவும் தோத்தது டாக்டரம்மா மருந்துதான்."