யானை வால் சார்

காவிரிக் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் டிராயிங் மாஸ்டரைப் போலப் பயந்த மனிதர் அகப்பட மாட்டார். பல்லி கத்தினால் பயம், ஹெட்மாஸ்டர் கத்தாவிட்டால் பயம். அறுபதுகளின் ஆரம்பத்தில் ஸ்ரீரங்கத்துக் கோயில் மதிலுக்குள் இருந்த ஆரம்பப் பள்ளி ஒன்றில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். உறையூரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து என் வகுப்புக்குப் படம் போடச் சொல்லிக்கொடுத்தார் அவர். பெயர் என்னவோ இருந்தது. பள்ளிக்கூடம் முழுக்க அவர் ‘யானை வால் சார்’தான்.

அந்தப் பெயர் வந்த கதையைக் கேளுங்கள். பிள்ளைகளுக்குப் படம் என்றாலே இரண்டு மலை, நடுவில் சூரியன். பார்த்ததும் சார் பதறிக்கொண்டு ஓடி வருவார். “கண்ணுங்களா, சூரியன் ஒரு கட்சிச் சின்னம், அழிச்சிடுங்க!” சரியென்று ஒருத்தி இரண்டு காளை போட்டாள். “ஐயோ, அது இன்னொரு கட்சி!” அதுவும் போயிற்று.

மிஞ்சியது யானை. ஸ்ரீரங்கத்துப் பிள்ளை யானை போட்டால் நாமம் போடாமல் விடுமா? கோயில் யானையைப் பார்த்துப் போட்டிருந்தாலாவது ஒரே மாதிரி வந்திருக்கும். இதுகள் அவரவர் அப்பா நெற்றியைப் பார்த்துப் போட்டன. பாதம் வைத்த தென்கலை நாமம் ஒரு பெஞ்சில், பாதம் இல்லாத வடகலை நாமம் அடுத்த பெஞ்சில். “எங்காத்து யானைதான் சரி!” என்று ஆரம்பித்துச் சிலேட்டு உடைந்து மண்டை உடைகிற வரைக்கும் வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து சார் யானையைப் பின்பக்கமாகவே போட வைத்தார். பெரிய பானை, இரண்டு தூண், ஒரு வால். அவ்வளவுதான் யானை.

“ஏன் சார், முகமே கிடையாதா?” என்று எரிந்து விழுந்தேன்.

“முகம் இருந்தா நெத்தி இருக்கும், நெத்தி இருந்தா வம்பு இருக்கும். நான் விபூதிக்காரன். எனக்கெதுக்குங்க டீச்சர் இந்த ஊர்ச் சண்டை?”

சாருடைய வேலையோ தற்காலிகம். சின்னப் பிள்ளைகளுக்கு டிராயிங் எதற்கு என்று மேலிடத்தில் பேச்சு வந்துவிட்டது. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, இருக்கட்டும் என்றால் வேலை. இல்லையென்றால் சார் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள், படுத்த படுக்கையாக மாமியார். இன்ஸ்பெக்டர் வந்த அன்று சார் முகத்தில் ஈயாடவில்லை.

வந்தவர் கும்பகோணத்துக்காரர், வடகலை. கூட வந்த எங்கள் ஹெட்மாஸ்டர் தென்கலை. என் வகுப்புச் சுவர் நிறைய யானைகள், அத்தனையும் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு.

“என்ன ஓய் இது? நான் வரேன்னு தெரிஞ்சே எல்லாம் திரும்பிண்டு நிக்கறதா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஸ்வாமி, அடியேனுக்கு ஒண்ணும் தெரியாது,” என்று ஹெட்மாஸ்டர் நைஸாகக் கழன்றுகொண்டார். பாவி மனுஷன்!

“மாஸ்டர், உமக்கு முகம் போட வருமா? போடும், பார்க்கலாம்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

சார் சாக்பீஸை எடுத்தார். கை கிடுகிடுவென்று நடுங்கியது. ஒரு கோடுகூட நேராக வரவில்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நடுக்கத்தில் தும்பிக்கை முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக விழுந்து அசல் யானைத் தோல் வந்துவிட்டது. காது வந்தது, கண் வந்தது. கடைசியில் வெறும் நெற்றி மட்டும் பாக்கி.

“சார், நாமம்!” என்று ஒரு குரல். உடனே வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. “பாதம் வைங்க சார்!” “வைக்காதீங்க சார்!”

சார் இன்ஸ்பெக்டர் நெற்றியைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் நெற்றியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். ரங்கநாதா, இந்த மனுஷன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடாதே என்று வேண்டிக்கொண்டேன். சார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தினமும் காலையில் சொந்த நெற்றியில் செய்கிற வேலையைக் கை தானாகச் செய்துவிட்டது. குறுக்கே மூன்று பட்டை!

பெருமாள் கோயில் மதிலுக்குள்ளே யானைக்கு விபூதி! ஹெட்மாஸ்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன ஓய் இது?” இன்ஸ்பெக்டர் பலகைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

சார் கண்ணைத் திறந்து பார்த்தார். “இது... இது திருவானைக்கா யானைங்கய்யா.”

பக்கத்து ஊர்ச் சிவன் கோயில் யானை! இன்ஸ்பெக்டருக்கு முதலில் தொந்தி குலுங்கியது, அப்புறம் ஆளே குலுங்கினார். “டிராயிங்கும் இருக்கட்டும், இந்த மனுஷரும் இருக்கட்டும் ஓய்,” என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

அவர்கள் வெளியே போனதும் சார் பிள்ளைகள் பெஞ்சிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். “டீச்சர், வேலை இருக்குங்களா, போச்சுங்களா?”

“இருக்கு சார். அவர் சொன்னது உங்க காதுல விழலையா?”

“பயத்துல காது அடைச்சுப் போச்சுங்க,” என்றவர், பிள்ளைகள் முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதார்.

மறுநாள் காலை பலகையைத் துடைக்க டஸ்டரை எடுத்தவள் அப்படியே கீழே வைத்துவிட்டேன். அந்த வாரம் முழுவதும் வாய்ப்பாட்டை அந்தத் தும்பிக்கைக்குப் பக்கத்தில், கிடைத்த இடத்தில், பொடி எழுத்தில்தான் எழுதிப்போட்டேன்.