அடீலாவின் மொச்சை

நிலவறை அலமாரியில் ஒரு பாட்டில் கறுத்த பாகுகூட இல்லை என்பது, மனைவி அடீலா இறந்த மூன்றாம் நாள் காலையில்தான் டெல்மருக்குத் தெரிய வந்தது.

வீட்டைச் சுற்றி மலைச்சரிவு முழுக்க மேப்பிள் மரங்கள். முப்பது வருஷமாக அவற்றின் சாற்றைப் பாகாகக் காய்ச்சித்தான் பிழைப்பு. அலமாரியிலோ ஊறுகாய் இருந்தது, ஆப்பிள் ஜாம் இருந்தது, எல்லாவற்றிலும் அடீலாவின் கையெழுத்து இருந்தது, பாகு மட்டும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் அவளே தூக்கிக் கொடுத்து முடித்திருந்தாள். தான் மார்ச்சில் சாகப்போகிறோம் என்று அவளுக்கு என்ன தெரியும்.

மறுநாள் மதியத்துக்கு மேல் சர்ச்சில் பிரார்த்தனை. அது முடிந்து ஹாலில் சாப்பாடு. அடக்கம் இப்போது கிடையாது. மண் கல்லாய் உறைந்து கிடக்கிற காலத்தில் வெர்மான்ட்டில் செத்தவர்கள் மே மாதம்வரை காத்திருக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கல் அறையில் அடீலா காத்திருந்தாள்.

டெல்மருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு காரியம். அவள் பேரில் போடுகிற சாப்பாட்டில் அவளுடைய மொச்சை இருக்க வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு முறை, மார்ச் மாத ஊர்க்கூட்டத்துச் சாப்பாட்டுக்காக அடீலா ஒரு இரும்புப் பானை நிறைய மொச்சையை மேப்பிள் பாகில் வேகவைத்துக் கொண்டுபோவாள். டெல்மர் அதைத் தின்றதில்லை. மொச்சை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது, வயிறு தவில் மாதிரி ஆகிவிடும். கூட்டத்துக்கும் அவர் போனதில்லை. அது சாறு இறங்குகிற நேரம், கொட்டகையை விட்டு நகர முடியாது. ஆனால் பானை வீடு திரும்புவதைப் பார்த்திருக்கிறார். வழித்துத் துடைத்த மாதிரி இருக்கும். அடீலா அதை மேஜைமேல் வைத்துவிட்டு, "பாரு, ஒரு பருக்கை மிச்சமில்ல" என்பாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருந்ததில்லை.

இந்த வருஷம் ஊர்க்கூட்டத்தன்று அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள்.

"யாரோ மக்ரோனி கொண்டு வந்தாங்களாம்."

"பாவம்" என்றாள் அடீலா. அவள் தெளிவாகப் பேசிய கடைசி வார்த்தை அது.

டெல்மர் பாஸ்டர் மரியனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"டெல்மர், இந்த நேரத்துல நீங்க அடுப்படியில நின்னு கஷ்டப்படணுமா? ஆளுக்கு ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வர்றாங்க. மொச்சை இல்லன்னு யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

"தெரியும் பாஸ்டரம்மா. சொல்ல மாட்டாங்க. மனசுக்குள்ள வச்சுக்குவாங்க."

"மனசுக்குள்ளயும் வச்சுக்க மாட்டாங்க" என்றார் பாஸ்டர், கொஞ்சம் அவசரமாக.

மனைவி செத்தவனுக்குச் சமைக்கத் தெரியாது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது போலிருக்கிறது என்று டெல்மர் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பே அவரைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனது.

நல்லவேளையாக வெயில் அடித்து மரங்களில் சாறு இறங்கியிருந்தது. பக்கத்துப் பண்ணை கிளைட் விறகு தள்ள வந்தான். இருவரும் ஒரே வகுப்பில் ஒரே வருஷம் பெயிலானவர்கள்.

"டேய், எதுக்கு இப்ப காய்ச்சுற? மனுஷன் துக்கம் கொண்டாட வேண்டாமா?"

"மொச்சைக்குப் பாகு வேணும்."

கிளைட் விறகைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "எந்த மொச்சைக்கு?"

"அடீலா மொச்சைக்கு."

"அது... அது அவளோட போயிட்டதாவே இருக்கட்டுமே டா."

டெல்மர் கொதிக்கிற சாற்றின் நுரையை அள்ளிக் கொட்டினார். கிளைட் விறகைத் தள்ளினான். கொட்டகை முழுக்க ஆவி மண்டி ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் இருந்தது அன்றைக்கு இரண்டு பேருக்குமே வசதியாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் பாகு இறங்கிவிட்டது. வைக்கோல் நிறத்தில், கண்ணாடி மாதிரி. பருவத்தின் முதல் பாகு அப்படித்தான் இருக்கும். டவுன்காரர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். டெல்மருக்கு அது உதவாது. அடீலாவின் பானையில் மொச்சை தார் ஊற்றின மாதிரி இருப்பதை அவர் எட்டிப் பார்த்திருக்கிறார். இன்னும் சுண்டினால் கறுக்கும் என்று வீட்டு அடுப்பில் ஏற்றினார். ஏற்றின நேரத்தில் போன் அடித்தது. அடீலாவின் தங்கை பேர்ல்.

"டெல்மர், நீ மொச்சை பண்றதா பாஸ்டர் சொன்னாங்க."

"ஆமா."

"வேண்டாமே. நான் உருளைக்கிழங்கு கொண்டு வரேன். நிறையவே கொண்டு வரேன்."

"உருளைக்கிழங்கு உங்க அக்காவோட சாப்பாடா?"

"அக்கா போயிட்டா, டெல்மர். சில விஷயத்தை விட்டுரலாம்."

"அவ இன்னும் மண்ணுக்குள்ளகூடப் போகல. அதுக்குள்ள விட்டுரலாங்கிற."

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"வேற எந்த அர்த்தத்துல சொன்ன?"

பேர்ல் அழுதாள். டெல்மர் சமாதானம் சொன்னார். சமாதானம் சொல்லச் சொல்ல அவரும் அழுதார். இரண்டு பேரும் மூக்கைச் சிந்தி முடித்தபோது சமையலறையிலிருந்து கரும்புகை வந்துகொண்டிருந்தது.

கொட்டகையிலிருந்து வந்த கிளைட் ஜன்னல் வழியாகச் சட்டியை எட்டிப் பார்த்தான். "கறுப்பா வேணும்னு கேட்ட. வந்துருச்சு."

வேறு பாகு காய்ச்சத் தொட்டியில் சாறில்லை. குளிர் இறங்கிவிட்டதால் மரமும் கையை விரித்துவிட்டது. கருகினாலும் கறுப்பு கறுப்புத்தானே என்று டெல்மர் அதில் வெந்நீர் ஊற்றிக் கரைத்து வைத்தார்.

விடிந்ததும், ஊறிய மொச்சை, கருகிய பாகு, வெங்காயம், கடுகுத்தூள், உப்பில் போட்டுவைத்திருந்த பன்றிக் கொழுப்பு ஒரு கட்டி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பானையில் கொட்டி ஓவனில் தள்ளினார். வேகாத மொச்சையில் இனிப்பைப் போட்டால் அது ஜென்மத்துக்கும் வேகாது என்பது அவருக்குத் தெரியாது. கொழுப்பின் உப்பை முதலில் கழுவ வேண்டும் என்பதும் தெரியாது.

மதியம் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளைட் வந்தபோது, டெல்மர் ஓவன் கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு?"

"ஜல்லிக்கல் மாதிரி கிடக்கு."

"சோடா உப்பு போடு. எங்க அம்மா போடுவாங்க, பஞ்சா வெந்துரும்."

"எவ்வளவு?"

"ஒரு சிட்டிகை" என்று சொல்லி கிளைட்டே போட்டான். விறகு பிளந்து பிளந்து பலகையாகிப்போன விரல்கள் அவனுக்கு. அந்த விரல்கள் எடுக்கிற சிட்டிகை ஒரு கைப்பிடி.

பானை நுரைத்தது. மொச்சை வெந்தது என்பதில் சந்தேகமில்லை. தோல் கழன்று, உருக்குலைந்து, யார் எவர் என்று தெரியாமல் வெந்தது. வாசனை மட்டும் துணி வெளுக்கிற இடத்து வாசனையாக இருந்தது.

"சோப்பு நாத்தம் அடிக்குது, கிளைட்."

"வினிகர் ஊத்தினா சோடா செத்துரும்."

டெல்மர் ஊற்றினார். பானை பொங்கி எழுந்து ஓவனுக்குள் வழிந்தது. வழிந்தது தீய்ந்து, கூரையிலிருந்த புகைமணி அலறியது. கிளைட் துடைப்பக்கட்டையால் அதை அடித்து நிறுத்தினான். திடீரென்று வீடு அமைதியானதும், அடீலா மாடியிலிருந்து "என்ன சத்தம்?" என்று கேட்பாளென்று டெல்மர் ஒரு கணம் காத்திருந்தார். பிறகு ஸ்பூனை எடுத்து, வயிறு எப்படியோ போகட்டும் என்று ஒரு வாய் தின்றார்.

முதலில் கருகல் வந்தது. பின்னாலேயே சோப்பு வந்தது. அடுத்துப் புளிப்பு, கடைசியாக உப்பு. ஒன்றுக்கொன்று வழிவிட்டு, வரிசையில் நின்று வந்தன.

"இதைக்கூட அவளுக்காக என்னால பண்ண முடியல" என்றார் டெல்மர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைதான் ஸ்பூனை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தது.

கிளைட் அந்த ஸ்பூனை வாங்கி, தானும் ஒரு வாய் போட்டான். மெல்லவில்லை. அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"என்னடா, அழறியா?"

"புகை."

"கொட்டிடலாம். பன்னிக்குக்கூட ஆகாது."

"கொட்டாதே" என்றான் கிளைட். இன்னொரு ஸ்பூன் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். "கொட்டாதே டெல்மர். எடுத்துட்டுப் போவோம்."

அழைத்துப்போக வந்த பேர்ல் மூடியைத் திறந்து முகர்ந்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்படிப் பண்ண உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. நானாவேதான் கெடுத்துக்கிட்டேன். நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும், பேர்ல். இதை இங்கயே விட்டுட்டுப் போயிரலாம்."

அவள் மூடியைப் பழையபடி போட்டாள். பானையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். கிளைட் ஓட்டினான். வழியெல்லாம் பனி உருகிய சேறு. ஒவ்வொரு பள்ளத்திலும் பானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு பள்ளத்திலாவது அது கவிழாதா என்று டெல்மர் பார்த்துக்கொண்டே வந்தார்.

பிரார்த்தனையில் பாஸ்டர் என்ன பேசினார் என்பது அவர் காதில் ஏறவில்லை. நினைப்பெல்லாம் ஹாலில் இருந்தது. பானையை ரொட்டிக் கூடைக்குப் பின்னால் ஒளித்துவைக்கலாம் என்று முதல் ஆளாக ஓடினார். பேர்ல் அதற்குள் மேஜையின் நட்டநடுவில் வைத்து மூடியையும் திறந்துவிட்டிருந்தாள்.

வாசனை ஹாலைச் சுற்றி வந்தது. நாற்பது ஐம்பது பேர் அந்தப் பானையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்தார்கள். பாஸ்டர் ஒரு கரண்டி. பால்பண்ணைக்காரர் ஒரு கரண்டி. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, இன்னொன்றும் போட்டுக்கொண்டார்.

டெல்மர் சுவரோரம் நின்று பார்த்தார். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தின்றார்கள். தண்ணீர் குடித்தார்கள். மறுபடி தின்றார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளைட் தட்டில் குவித்துக்கொண்டு, கடன் அடைக்கிறவன் மாதிரி சாப்பிட்டான். ஒரு தட்டிலும் ஒரு மொச்சை மிஞ்சவில்லை. பானை வழித்துத் துடைத்த மாதிரி ஆகிவிட்டது.

பிறகு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அப்படியே அடீலா கை, டெல்மர்."

"கண்ணை மூடிட்டுத் தின்னா அவ பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கு."

"அதே ருசி. எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க."

ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குக் கன்னத்தில் விழுகிற அறையாக இருந்தது. தன் மேல் இரக்கப்பட்டு ஊரே கூடிப் பொய் சொல்கிறது. அதிலும் இந்த அழுகலை அடீலாவின் கைக்குச் சமம் என்று, அவள் பெயரிலேயே, அவள் இன்னும் மண் காணாத நிலையில். பாஸ்டரும் வந்து "அதே மாதிரி இருந்தது" என்றபோது டெல்மருக்குப் பொறுக்கவில்லை.

"நீங்களுமா பாஸ்டரம்மா?" என்றார்.

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிட்டார்.

மூலையில் தபாலாபீஸ் எட்னா கிம்பால் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஊரில் அவளிடம் யாரும் கவுன், சட்டை எதுவும் நன்றாக இருக்கிறதா என்று கேட்பதில்லை, கேட்டால் சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களெல்லாம் அடீலா தேறிவிடுவாள் என்று சொல்லிப் போனபோது, "இந்த வாரம் தாண்டாது, பக்கத்துலயே இரு" என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். டெல்மர் போய் அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"எட்னா, நீயாவது நெஜத்தைச் சொல்லு. நான் அதைத் தின்னு பார்த்தேன். மனுஷன் வாயில வைக்க முடியாது. இத்தனை பேரும் அவளோட மொச்சை மாதிரியே இருக்குன்னு எனக்காகப் பொய் சொல்றாங்க."

எட்னா கடைசித் துண்டு ரொட்டியால் தட்டை வழித்து, அதையும் வாயில் போட்டு, ஒரு முழுத் தம்ளர் தண்ணீர் குடித்தாள்.

"இன்னைக்கு யாரும் பொய் சொல்லல, டெல்மர். முப்பது வருஷமா அவகிட்ட சொன்னதுதான் பொய்."