களிம்பு ஏட்டையா

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் தழும்போடு ஒருவரும் நிம்மதியாக நடமாட முடியாது. காரணம், களிம்பு ஏட்டையா. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

மதுரையில் அவருக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். தையல் ஆறியதும் டாக்டர் ஒரு சிலிகான் ஜெல் எழுதிக்கொடுத்து, "மெல்லிசா தடவுங்க. தழும்பு தணியும், சுத்தமா மறையாது. மாசக்கணக்குல பொறுமை வேணும்" என்றார். ஏட்டையா காதில் விழுந்தது "தடவுங்க" மட்டும். சுவருக்கு வெள்ளையடிப்பது போல அப்பினார். பனியன் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அவர் மனைவிதான் உரித்து எடுத்தார்.

"இட்லி மாவா இது? டாக்டர் மெல்லிசான்னு சொன்னாகல்லா!" அந்தம்மா போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

அன்றோடு அவர் திருந்தினார். வெயில் பட்டால் தழும்பு கறுக்கும் என்று கேள்விப்பட்டு, சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை மாட்டினார், போதாததற்குக் குடை. பிறகு ஊரைத் திருத்தக் கிளம்பினார்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர். ஒருநாள் நான் போகிற பஸ்ஸில் அவரும் ஏறினார். கண்டக்டரின் முழங்கையில் ஆபரேஷன் செய்த கோடு. விடுவாரா?

"ஏலே, எப்பத் தச்சது?"

"போன வருசம். டிக்கெட் எங்க ஏட்டையா?"

"டிக்கெட் கெடக்கட்டும். என்ன தடவுத?"

"தேங்கா எண்ணெ."

"அடப்பாவி!" என்று கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"விசில் அந்தக் கையிலதான் இருக்கு, விடுங்க!" என்று கண்டக்டர் கெஞ்சி முடிப்பதற்குள் ஒரு நிறுத்தம் பின்னால் போய்விட்டது. அங்கே இறங்க வேண்டியவர்கள் ஏட்டையாவைத் திட்டிக்கொண்டே திரும்பி நடந்தார்கள்.

பிறகு எனக்கே தைராய்டு ஆபரேஷன் வந்தது. கழுத்தில் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டேன். முந்தானையால் கழுத்தைச் சுற்றிக்கொண்டுதான் வகுப்புக்குப் போவேன். டாக்டர் சொன்னபடி ஜெல் போட்டுவந்தும் மனசு ஆறவில்லை.

சேத்தூரில் என் தம்பி மகள் கல்யாணம்; எங்கள் தெருவே வந்திருந்தது. எல்லாரும் மேடையேறிப் படம் எடுத்துக்கொள்ள, நான் பந்திப் பக்கம் நழுவினேன். ஏட்டையா பார்த்துவிட்டார்.

"டீச்சர், மேடைக்கு வாங்க."

"வேண்டாம் ஏட்டையா. கழுத்து அசிங்கமா இருக்கு."

அவர் விடவில்லை. என்னை முன்னால் நடக்கவிட்டு மேடையேறினார். என் பக்கத்தில் நின்று, இதுவரை வெளியில் யாருக்கும் காட்டாத நெஞ்சை, பட்டன்களைக் கழற்றித் திறந்தார். மேலிருந்து கீழாக ஜிப் வைத்தது போல நீளத் தழும்பு.

"ஐயையோ, சபையில என்ன இது!" என்று கீழே அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

"எடுலே படத்த!" என்றார் போட்டோக்காரனிடம். என் பக்கம் குனிந்து, "இனி எவனும் உங்க கழுத்தப் பாக்க மாட்டான்" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு நான் எடுத்துக்கொண்ட முதல் படம் அது.

இப்போது என் கழுத்துக் கோடு வெளுத்துவிட்டது. களிம்பை நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தினமும் காலையில் ஏட்டையா எங்கள் கேட்டில் நின்று, "தடவியாச்சா டீச்சர்?" என்கிறார். "ஆச்சு ஏட்டையா" என்கிறேன். உண்மையைச் சொன்னால் நாளைக்கு வராமல் இருந்துவிடுவாரே.