உன் வண்டி ஏரிமேல் நிற்கும் விவரம்

டாமரக் ஏரி, வட மிச்சிகன்
பிப்ரவரி, சனிக்கிழமை

அன்பும், முக்கியமாகப் பொறுமையும், நிறைந்த தம்பி வெய்க்கோவுக்கு அண்ணன் ஆர்வோ எழுதிக்கொள்வது. நானும் மகள் கெய்சாவும் நலம். ஃபுளோரிடா வெயிலில் நீயும் சில்வியாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிருக்குப் பயந்து நீ கிளம்பியபோது என் கொட்டகையில் விட்டுப்போன புது வண்டியின் எஞ்சின், அதே கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது. மீதி வண்டியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படி.

இந்த வருடப் பனியில் போலீஸ் ரோந்துக் கார்கள் எல்லாம் ஸ்டேஷன் வாசலிலேயே புதைந்துவிட்டன. தலைமை அதிகாரி ட்ரெவாரோ, "அவங்கவங்க சொந்த வண்டியில ரோந்து போங்க" என்று உத்தரவு போட்டுவிட்டு, பனி தள்ளும் பலகை மாட்டிய தன் வண்டியில் அவரும் கிளம்பினார். வீட்டுக்கு வீடு கைகாட்டி நிறுத்தி, "அப்படியே நம்ம வாசலையும் தள்ளிவிட்டுப் போங்க" என்று கேட்க, மனிதர் இன்னும் முதல் தெருவைத் தாண்டவில்லை. உன் செல்லம், நம் கெய்சாவும் அந்த ஸ்டேஷனில்தானே போலீஸாக இருக்கிறாள்? அவளுடைய கார் ஒரு ஃபிரிட்ஜ் அளவுதான். என்னிடம் வந்து, "அப்பா, சித்தப்பா வண்டி சும்மாத்தானே நிக்குது? இப்படியே நின்னா பேட்டரி செத்துடும்பா" என்றாள். உன் பேட்டரிமேல் உள்ள அக்கறையில்தான் சாவியைக் கொடுத்தேன்.

போலீஸ் விளக்கைக் கூரைமேல் வைக்க அடியில் காந்தம் இருக்கிறது. உன் வண்டி அலுமினியமாம், காந்தம் ஒட்டவே இல்லை. ஆகவே கயிற்றை இரண்டு பக்க ஜன்னல் வழியாகவும் விட்டு இறுக்கிக் கட்டினேன். நான் போட்ட முடிச்சு அவிழாது. கதவும் திறக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. கெய்சா ஜன்னல் வழியாக ஏறிப் போனாள். மரம் வெட்டும் ரூடி தன் லாரியில் காற்றாகப் பறந்து வந்ததைப் பார்த்து அவனை நிறுத்தி, ஜன்னல் வழியாக இறங்கியவள் தலைகீழாகப் பனிக்குள் போய்விட்டாள். ரூடிதான் ஓடிவந்து பூட்ஸைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

"யாரும்மா நீ? குடிச்சிருக்கியா?"

"போலீஸ். நீ ரொம்ப வேகமா வந்த."

"மெதுவா வந்திருந்தா உன்னை இப்ப யாரு தூக்கியிருப்பா?"

கெய்சா அவனைப் போகச் சொல்லிவிட்டாள்.

அன்று மாலையே உறைந்த ஏரியில் தகராறு. ஐஸ்மேல் குடிசை போட்டு மீன் பிடிக்கும் இருவர், தூண்டில் விடப் போட்ட ஒரே துளைக்கு இரண்டு பேரும் சொந்தம் கொண்டாடிக் கட்டிப்புரண்டார்களாம். நாம் எல்லோரும் ஓட்டுவது போலத்தான் கெய்சாவும் ஐஸ்மேல் ஓட்டிப் போனாள். பனியின் பாரத்தில் ஐஸ் அமுங்கி, தண்ணீர் மேலே ஏறிக் கூழாகக் கிடந்திருக்கிறது. சமாதானம் ஆனவர்கள் மீன் பொரித்துக் காப்பியும் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். அவள் திரும்பி வருவதற்குள் கூழ் உறைந்து, உன் வண்டியின் நாலு சக்கரமும் உள்ளே. அசைக்க முடியவில்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. வருடா வருடம் நம் தீயணைப்புக்காரர்கள் ஓட்டைக் கார் ஒன்றை ஏரிமேல் நிறுத்தி, ஐஸ் உருகி அது எப்போது மூழ்கும் என்று நாளும் நேரமும் போட்ட பந்தயச் சீட்டு விற்பார்களே, இந்த முறை பனியில் அந்தக் காரைக் கொண்டுவர முடியவில்லை. விடிந்ததும் ஊரார் பார்த்தால் அதே இடத்தில் உன் வண்டி, தலையில் விளக்கோடு. "இந்த வருஷம் தாராளமா செலவு பண்ணிருக்காங்கப்பா" என்று ஒரே பாராட்டு. தேவாலயத்தில் கொடுத்த காப்பி ஆறுவதற்குள் சீட்டெல்லாம் தீர்ந்தது. எண்ணெய் கசிந்து ஏரித் தண்ணீர் கெடக்கூடாது என்று தீயணைப்புக்காரர்கள் நல்ல மனதோடு எஞ்சினையும் கழற்றி, "ஆர்வோ பழைய இரும்பு சேக்கிறவன்தானே" என்று என் கொட்டகையில் போட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு விஷயம் தெரிந்ததே அப்படித்தான்.

நான் சும்மா இருப்பேனா? தீயணைப்பு நிலையத்துக்குப் போய் மேசையைத் தட்டினேன். சீட்டு விற்கும் பெர்னெட்டா அம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா?

"இப்போ வண்டிய எடுத்தா ஊரே வந்து எங்க கட்டடத்தைக் கொளுத்தும். அப்புறம் அதை அணைக்கவும் நாங்கதான் வரணும்."

நான் மசியவில்லை. நீ அந்த வண்டியைக் கழுவும்போது கூடப் பாட்டுப் பாடுவாய், அது எனக்குத் தெரியாதா? நாளைக்கே டிராக்டர் வருகிறது, யார் குறுக்கே வந்தாலும் இழுத்துக் கரையேற்றிவிடுவேன். "சித்தப்பா என்கூட பேசவே மாட்டாருப்பா" என்று கெய்சா அழுகிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

கடல் காற்றில் உன் முட்டிவலி ஓடிப்போகட்டும், சில்வியாவின் எலுமிச்சை காய்த்துக் குலுங்கட்டும்.

உன் உடைமையைத் தன் உடைமையாகக் காக்கும்,
அண்ணன் ஆர்வோ

பின்குறிப்பு: ஞாயிறு மாலை. டிராக்டர் வந்தது, சங்கிலியும் மாட்டியாயிற்று. நான்தான் திருப்பி அனுப்பினேன். காலையில் தேவாலயத்தில் ஒருவர் தன் சீட்டை வேண்டாம் என்றார், விடுவானேன் என்று வாங்கிவிட்டேன். ஏப்ரலில் நீ ஊர் திரும்பும் அதே நாள், மதியம் போட்டிருக்கிறது. உன் பெயரில்தான் எழுதியிருக்கிறேன். முதல் பரிசு ஒரு படகு. வண்டியைப் போய்ப் பார்த்துவர உனக்கு வசதியாக இருக்கும்.