ஓம் முதலியாரின் ஒரு பக்கச் சுருக்கம்

ஒருவர் ஆமென்பதற்கு 'ஓம்' என்று சொன்னால் நம்பக்கூடாது என்பதை நிரூபிக்கவே யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதர் பிறந்திருந்தார். வடமராட்சியில் ஒரு நீதவான் கோட்டில் அவருக்கு மொழிபெயர்ப்பு முதலியார் உத்தியோகம். அப்புக்காத்துமார் என்ற வக்கீல்களின் இங்கிலீசைச் சாட்சிகளுக்குத் தமிழிலும், சாட்சிகளின் தமிழை வெள்ளைக்கார நீதவானுக்கு இங்கிலீசிலும் சொல்வது வேலை. நான் அங்கே நகலெழுதும் கிளாக்கர். அவருடைய சொந்தப் பெயரை ஊர் மறந்தே போய்விட்டது. ஓம் முதலியார், அவ்வளவுதான்.

யார் 'ஓம்' என்றாலும் சட்டைப்பையிலிருந்து கொப்பியை எடுத்துக் குறித்துக்கொள்வார். எங்கள் ஊரான கரவெட்டியில் ஒரு கலியாணப் பேச்சுக்கு இருவரும் போயிருந்தோம். மாப்பிள்ளையின் தகப்பன் எல்லாவற்றுக்கும் 'ஓம், ஓம்' என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் வெற்றிலைத் தட்டை நீட்டும் நேரம் பார்த்து முதலியார் கொப்பியைத் திறந்தார்.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. இப்ப சொன்ன ஓம், சம்மதம் எண்ட ஓமோ, கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்ட ஓமோ?"

தகப்பன் யோசித்தார். "ரெண்டாவதுதான்" என்றார்.

கலியாணம் மூன்று மாதம் தள்ளிப்போனது.

அந்த நாட்களில் பட்டணத்தில் பண்டிதர்கள் கூடி வருஷாவருஷம் ஒரு மொழி மாநாடு நடத்துவார்கள். கட்டுரை படிக்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே ஒரு பக்கச் சுருக்கம் அனுப்பவேண்டும். முதலியாரின் சுருக்கம் நாற்பத்திரண்டு பக்கம். பதினேழு வகை ஓம், ஒவ்வொன்றுக்கும் உதாரணம். நகலெடுத்து என் கை வீங்கியது. 'தங்கள் ஆர்வத்தைப் பாராட்டுகிறோம். பேச்சிலே வழங்கும் கொச்சைகள் ஆராய்ச்சிக்குரியன அல்ல' என்று பதில் வந்தது.

"கிளாக்கர், 'பாராட்டுகிறோம்' எண்டது 'இல்லை'யிலை ஒரு வகை. அதுக்கும் ஒரு கொப்பி துவங்கவேணும்" என்றார்.

அடுத்த வருஷம் பண்டிதர்களின் மனங்கோணாதபடி எல்லா 'ஓம்'களையும் வெட்டி 'ஆம்' என்று திருத்தினார். கட்டுரை என்ன சொல்கிறதென்று அவருக்கே விளங்காமல் போய்விட்டது. அதுவும் திரும்பி வந்தது.

மூன்றாம் வருஷமும் தாளும் மையுமாக வந்து நின்றபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "முதலியார், வேறை சொல்லே இல்லையோ? ஏன் உதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நீர் இஞ்சை வர முந்தி ஒரு வழக்கு. தொண்டைமானாத்து மீன்பிடிகாரன் ஒருத்தன். வள்ளம் களவெடுத்தான் எண்டு குற்றம். அப்புக்காத்து கேட்டதை நான் துண்டு துண்டாத் தமிழிலை சொன்னன். 'நீ கரைக்குப் போனனீ. கயிறை அவிட்டனீ.' ஒவ்வொரு துண்டுக்கும் அவன் 'ஓம்' எண்டான். நான் நீதவானுக்கு 'யெஸ், யெஸ்' எண்டன். ஆறு மாதம் மறியல்வீட்டிலை கிடக்கச் சொல்லித் தீர்ப்பு. தீர்ப்பைத் தமிழிலை சொன்னதும் என்னைப் பாத்து, 'ஐயா, நான் இன்னும் மறுமொழி சொல்லத் துவங்கேல்லையே' எண்டான்."

"நீதவானிட்டைச் சொல்லேல்லையோ?"

"அண்டைக்குப் பின்னேரமே போய்ச் சொன்னன். எழுதினது எழுதினதுதான் எண்டார்."

அன்றைக்கு நான் நாற்பத்திரண்டு பக்கத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் சொன்னதை மட்டும், ஆளின் பெயரை விட்டு, ஒரு பக்கத்தில் எழுதினேன். அவர் நின்றபடியே வாசித்துக் கையெழுத்துப் போட்டார்.

இந்தத் தடவை மாநாட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கால்மணி நேரம். முதலியார் தலைப்பாகையோடு மேடையில் ஏறி ஓமின் வகைகளைச் சொல்லத் தொடங்கியதும் சபை விழுந்து விழுந்து சிரித்தது. மீன்பிடிகாரனின் கதைக்கு வந்தபோது சிரிப்பு நின்றது.

"இதனால் இலக்கணத்துக்கு என்ன பயன்?" என்று தலைமைப் பண்டிதர் கேட்டார்.

"இலக்கணத்துக்கு ஒண்டுமில்லை, ஐயா. சாட்சிக்கூட்டிலை ஏறுற ஆக்களுக்குத்தான்."

அதற்குப் பிறகு கோட்டில் ஒருவர் 'ஓம்' என்றால் முதலியார் உடனே மொழிபெயர்ப்பதில்லை. "விளங்கினதோ, சம்மதமோ?" என்று கேட்ட பிறகுதான் வாய் திறப்பார். நீதவான் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பழகிக்கொண்டார்.

மாநாடு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அந்த ஒரு பக்கத் தாளோடு தொண்டைமானாற்றுக்குப் புறப்பட்டார். துணைக்கு நானும் போனேன். அந்த மீன்பிடிகாரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். முதலியார் முழுவதையும் வாசித்துக் காட்டினார்.

"உதை எத்தினை பேர் கேட்டவை, ஐயா?"

"நூறு பேர் இருக்கும்."

"நான் களவெடுக்கேல்லை எண்டு அவைக்கு விளங்கினதோ?"

"விளங்கினது."

அவர் உள்ளே போய் இரண்டு மீனைப் பனையோலையில் சுற்றிக் கொண்டுவந்து முதலியாரின் கையில் கொடுத்தார். முதலியார் பரம்பரைச் சைவம். வாழ்நாளில் மீனைத் தொட்டறியாதவர். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கரவெட்டிக்கு நடந்து வரும்போது, "நான் கொண்டுவாறன், தாங்கோ" என்று இரண்டு தரம் கேட்டேன். தரவில்லை. என் வீட்டு வாசல் படலையடிக்கு வந்த பிறகுதான் மீனை என் கையில் தந்தார்.

அன்று அவருடைய சால்வையில் ஏறியிருந்த அந்த மணம் இன்றைக்கும் சந்தைப் பக்கம் போனால் வரும். நான் மீன் வாங்க மறந்து, கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன்.