புலிப் போர்வையும் மின்னல் சாரும்

குடோனுக்குள் புலி வந்து என்னைத் தின்னப் போகிறது என்று நான் முழுமனதாக நம்பியதற்குக் காரணம் மின்னல் சார். குரங்கையும் கம்ப்யூட்டரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பரீட்சை நடத்திய ஆள் தூத்துக்குடிக் கடற்கரையிலேயே அவர் ஒருவர்தான்.

துறைமுகச் சாலையில் எங்கள் குடோன். நான் பில் போடுகிறவன். தென்காசி லாரியில் வந்திறங்கிய ஒரு குரங்கு, கப்பலுக்குப் போக வேண்டிய நிலக்கடலை மூட்டைகளைக் கிழித்துக்கொண்டே இருந்தது. எந்த மிருகம் நுழைந்தாலும் பேர் சொல்லிக் கத்தும் கேமரா செய்து தருகிறேன் என்று வந்தார் சார். வந்தவர், குரங்கின் கண் உசத்தியா, கேமராவின் மூளை உசத்தியா என்ற ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். படத்தைக் கண்சிமிட்டும் நேரம் காட்டி மறைப்பார், அதனால் மின்னல். வாழைப்பழப் படத்துக்குக் கை நீட்டினால் குரங்கு பாஸ். இந்தப் பரீட்சையிலிருந்து லாரி டிரைவர்களும் தப்ப முடியாது.

"என்னவே பாத்தீரு?"

"வாழைப்பழம், சார்."

"சபாஷ்! நீரும் குரங்கும் ஒரே மார்க்கு!"

கேமராவுக்கு மார்க் குறைந்தால் மட்டும், பெற்ற பிள்ளையைத் திட்டுவதுபோல் திட்டுவார்.

அன்று எனக்குக் காய்ச்சல். மனைவி கொடுத்தனுப்பிய போர்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு குடோனுக்குள் நுழைந்தேன். கேமராவின் ஒலிபெருக்கி அலறியது.

"புலி! வாசலில் புலி!"

உள்ளே ஓடினேன்.

"புலி! மூட்டைப் பக்கம் புலி!"

மூட்டைமேல் ஏறினேன்.

"புலி! மூட்டைமேல் புலி!"

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. பக்கத்தில் குரங்கு நிதானமாகக் கடலை உரித்துக்கொண்டிருந்தது. "ஏலே, நீயாவது ஓடிப் பிழைச்சுக்கோலே!" என்று அழுதேன். அது என் போர்வையை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கடலையை எடுத்தது.

வெளியே முதலாளியின் குரல். "ஏலே, ஷட்டரை இறக்கு! வெளிய வந்துரப் போவுது!"

"அண்ணாச்சி, பில் போடுதவரு உள்ள இருக்காரு!"

"அவரு அங்கனயே இருக்கட்டும்!"

என் போர்வையில் அச்சடித்திருந்தது புலி வரி. கேமரா வரியைப் பார்த்தது. குரங்கு, வரிக்குள் நடுங்கிய ஆளைப் பார்த்தது.

"என் பயலுக்குத் தோலுதான் தெரியுது வே, குரங்குக்கு உருவம் தெரியுது!" என்று மின்னல் சார் கைகொட்டிச் சிரித்தார். அதைச் சொல்லும்போது அவர் மூட்டைமேல், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தன் கேமரா சொன்ன புலியை அப்படியே நம்பி, இறங்கிக்கொண்டிருந்த ஷட்டருக்கு அடியில் உருண்டு, கையில் ஒரு குடையோடு உள்ளே வந்தவர் அவர் ஒருவர்தான்.