ஏழு அடுக்கு ஆட்டப் பலகை

சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டத் தெரியாதவர்களையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரு சாராருக்கும் நடுவில் சைக்கிள் ஓட்டப்போகிறவர் என்று ஒரு தனி இனம் வாழ்கிறது. நேற்றும் அவர் ஓட்டப்போகிறவர்தான், நாளைக்கும் அப்படித்தான். எங்கள் வின்னிபெக்கில் முதல் பனி விழுந்ததிலிருந்து கடைசிப் பனி உருகும்வரை, அதாவது வருஷத்தில் பாதி, இந்த இனம் வீட்டு நிலவறைகளில் செழித்து வளர்கிறது. தெருவில் போகும்போது தரையோடு ஒட்டிய சின்ன ஜன்னலில் வெளிச்சமும் ரம்பச் சத்தமும் வந்தால், உள்ளே ஒருவர் கோடைக்காக உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ரம்பத்துக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீட்டுக்குள் மிதிப்பதற்கு சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஓர் இரும்புத் தாங்கியில் இறுக்கி மாட்டுவார்கள். ரோட்டில் போகிற சைக்கிள் ஒவ்வொரு மிதிக்கும் லேசாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயும். தாங்கியில் மாட்டியது சாயாது. கட்டிப்போட்ட மாடாக அசையாமல் நிற்கும். அரை மணி நேரத்தில் உட்காரும் இடம் முறையிட ஆரம்பிக்கும். உடனே நம்மவர் ஒரு பலகை செய்கிறார். மேலே ஒரு பிளைவுட், கீழே ஒரு பிளைவுட், நடுவில் கீல், இரண்டு ஓரத்திலும் டென்னிஸ் பந்துகள். அதன்மேல் சைக்கிளை ஏற்றினால் தொட்டில் போல ஆடும். வலி போய்விடும். இதில் ஒரு தவறும் இல்லை, நல்ல ஏற்பாடுதான். ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும் வேலை.

முடித்தால்தானே!

இந்த இனத்தவரிடம் பந்தைப் பற்றிக் கேளுங்கள், பலகையின் சாய்வைப் பற்றிக் கேளுங்கள், சாய்ந்தது திரும்பி வரும் வேகத்தைப் பற்றிக் கேளுங்கள், காபி ஆறி, மறுபடி சுடவைத்து, அதுவும் ஆறும்வரை பேசுவார்கள். "நேத்து எவ்வளவு நேரம் மிதிச்சே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர்கள் நடுவே அது அநாகரிகம்.

என் பக்கத்து வீட்டு லோர்ன் இந்த இனத்தில் உயர்ந்த சாதி. ஆறடி உயரம், காதுக்குப் பின்னால் பென்சில், கையில் ரசமட்டம். அவன் மனைவி சிக்னி அவன் தோளுக்குக் கீழே நிற்பாள். வடக்கே ஏரிக்கரையில் உள்ள கிம்லி அவள் ஊர். ஐஸ்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெய்வத்துக்கு அடுத்தபடி வினார்டெர்ட்டா என்ற பலகாரம். மெல்லிய மாவுத் தட்டுகளை அடுக்கி, நடுவில் உலர்ந்த பிளம் பழ ஜாம் தடவியது. ஏழு அடுக்கு. ஆறு அடுக்கில் செய்து கொண்டுபோனால், "இது என்ன பலகாரம்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்பார்கள்.

கல்யாணமான புதிதில் லோர்ன் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். ஒருநாள் இருவரும் சைக்கிளிலேயே கிம்லிக்குப் போவது. ஒவ்வொரு கோடையும் அவள் கேட்பாள், ஒவ்வொரு கோடையும் அவன் அடுத்த கோடை என்பான், அவள் காரில் தனியாகப் போய் வருவாள். போன இலையுதிர்காலத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"வர்ற ஜூன்ல முப்பது வருஷம் ஆகுது, லோர்ன். எனக்கு நகை வேணாம், விருந்து வேணாம். என் பக்கத்துல சைக்கிள்ல வா. அது போதும்."

"கண்டிப்பா வர்றேன். குளிர்காலம் பூரா மிதிச்சு உடம்பைத் தேத்திடறேன், பாரு."

அவன் நெஞ்சாரத்தான் சொன்னான். இந்த இனம் பொய் சொல்லாது. அதுதான் சிக்கலே.

பலகை நவம்பரில் தயார். ஆனால் லேசாக இடது பக்கம் சாய்ந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் ஊர் களிமண்ணில் கூடம் நிஜமாகவே கோணல்தான். நிலவறைத் தரை வருஷா வருஷம் ஒரு பக்கம் எழும்பும், மறு பக்கம் இறங்கும். ஆகவே தரையைச் சமன்செய்ய அடியில் ஒரு ரப்பர் விரிப்பு. விரிப்பு அமுங்கியது, அதன்மேல் இன்னொரு பலகை. பந்து கிறீச்சிட்டது, அதற்கு ஃபோம். ஃபோம் வழுக்கியது, அதற்குக் கம்பளம். சைக்கிள் நெளிநெளியென்று ஆட, லோர்ன் ஆறடியையும் தரையில் கிடத்தி, கன்னத்தைச் சிமெண்டில் வைத்து, ஒற்றைக் கண்ணால் இடுக்கைப் பார்ப்பான்.

ஆனால் பலகை ஆடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் மேலே ஒருவர் மிதிக்க வேண்டுமே?

"சிக்னி! கொஞ்சம் எறங்கி வாயேன். சீட்டை உனக்காகத் தாழ்த்தி வச்சிருக்கேன். நீ ஏறி மிதி, நான் கீழேருந்து பாக்கணும்."

"நேத்துதானே பாத்தே?"

"நேத்து வேற பந்து."

அவள் ஏறி மிதிப்பாள். "இன்னும் வேகமா!" மிதிப்பாள். "மேடு ஏறற மாதிரி அழுத்து!" அழுத்துவாள். "நிறுத்தாதே, இப்பதான் ஏதோ பிடிபடுது!" வியர்வை சொட்டச்சொட்ட அவள் இறங்கும்போது, அவன் எழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா, இன்னிக்கு நல்ல வேலை" என்பான். மேலே போய் இருவரும் சாப்பிடுவார்கள். அவன்தான் அதிகம் சாப்பிடுவான். குளிர்காலம் முழுக்க இப்படியே நடந்தது.

ஏப்ரலில் திறப்பு விழா. எனக்கும் அழைப்பு வந்தது. சிக்னி பலகாரத் தட்டோடு இறங்கி வந்து பலகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எண்ணிப் பாத்தேன் எமில். சரியா ஏழு அடுக்கு. ஜாம்தான் பாக்கி."

லோர்ன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்றினான். கைகளைத் துடைத்தான். முதன்முறையாகக் காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தான்.

ணங்!

வீட்டைச் சுற்றிவரும் சூட்டுக்காற்றுக் குழாய் நிலவறைக் கூரையில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு அடுக்குக்கும் சைக்கிள் மேலே மேலே போனதை அத்தனை மாதமும் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவன் தரையில் படுத்திருந்தான், ஏறியவளோ குள்ளம்.

"ஒரு அடுக்கை எடுத்துடேன்" என்றேன்.

தலையைத் தடவிக்கொண்டே என்னை முறைத்தான். "எதை எடுக்கறது? எதை எடுத்தாலும் ஆட்டம் கெட்டுப்போயிடும்."

"ஆறுன்னா அது வேற பலகாரமாச்சே!" என்றாள் சிக்னி. அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவன் குழாயை அளக்க ஆரம்பித்தான்.

ஜூன் வந்தது. இருவரும் சைக்கிளில் கிளம்பினார்கள். காபியும் சாண்ட்விச்சும் ஏற்றிய என் பிக்கப் வண்டி பின்னால். வடக்கிலிருந்து எதிர்காற்று. பாதித் தூரம்கூட ஆகாத லாக்போர்ட் பாலம் வருவதற்குள் லோர்னின் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்துவிட்டது. ஓரமாக இறங்கிப் புல்லில் உட்கார்ந்தான்.

"இந்த ரோடு சரியில்ல, சிக்னி."

"ரோட்டுக்கு என்ன?"

"ஒரேயடியா கெட்டியா இருக்கு."

அவள் காத்திருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். மறுபடி காத்திருந்தாள். கடைசியில் அவன், "நீ போ, நான் எமிலோட வர்றேன்" என்றபோது அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. சைக்கிளில் ஏறி மிதித்தாள்.

வழி நெடுக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தோம். காற்று அவளைத் தள்ளிப் பார்த்துச் சலித்துவிட்டது. "பாரு எமில், சைக்கிள்தான் ஆடுது, உடம்பு ஆடல! அந்த வித்தை என் பலகை கத்துக்குடுத்தது!" என்று லோர்ன் என் தொடையில் தட்டித் தட்டிப் பூரித்தான். நடுவே, "உன் வண்டி சீட்டு சுகமா ஆடுது, அடியில என்ன போட்டிருக்கே?" என்று வேறு கேட்டான்.

கிம்லியில் துறைக்குப் பக்கத்துக் கடையில் மீன் வறுவல் வாங்கி உட்கார்ந்தோம். லோர்ன் அடக்கமாட்டாமல் ஆரம்பித்தான்.

"பாத்தியா, என் பலகை உன்னை எங்க கொண்டுவந்து சேத்திருக்கு!"

சிக்னி முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பலகை கொண்டுவந்து சேத்துச்சு, சரி. நான் பலகையையா கூப்பிட்டேன்? உன்னைத்தானே கூப்பிட்டேன்? முப்பது வருஷமா இந்த ஊருக்குத் தனியாத்தான் வர்றேன். இன்னிக்கும் தனியாத்தான் வந்தேன்."

நான் ஏரியைப் பார்த்தேன். லோர்ன் மேசையைப் பார்த்தான். மேசை லேசாக ஆடியது. அவன் கை தானாகக் காகிதக் கைக்குட்டையை எடுத்து மடித்தது. மண்டியிட்டு அடியில் நுழைந்தான். வாழ்நாளில் முதல் தடவையாக ஆடுகிற ஒன்றை ஆடாமல் நிறுத்துகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"தப்புதான் சிக்னி. மன்னிச்சுக்கோ."

"மேல வந்து சொல்லு."

மேலே வந்தான். வரும் வழியில் மேசையில் ஒரு ணங். தலையைப் பிடித்துக்கொண்டே சொன்னான். "அடுத்த கோடைக்கு நிச்சயமா…"

"அடுத்த கோடையா? நாளைக்குக் காலைல திரும்பிப் போறோம். ரெண்டு பேரும் சைக்கிள்ல. காத்து முதுகுப் பக்கம்தான் அடிக்கும். எமில், நீ வண்டியை எடுத்துக்கிட்டு இப்பவே கிளம்பு."

அவன் சைக்கிளை வண்டியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் சாயங்காலம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் தெருவுக்குள் நுழைந்தார்கள். அவள் கை அசைத்தாள். அவனால் ஹேண்டிலிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. அடுத்த சில நாள் அவன் நின்றபடியே சாப்பிட்டான். அவள் மட்டும் வேலியோரம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள்.

திருந்திவிட்டான் என்று நினைத்தேன். போன வாரம் முதல் பனி விழுந்தது. கூடவே அவன் நிலவறையிலிருந்து சிமெண்டு உடைக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குதிரை சும்மா நிற்க, இவனே இடுப்பளவு குழியில் நின்றான்.

"ரெண்டு பலகை போடப் போறேன் எமில். பக்கத்துல பக்கத்துல. அவளும் நானும் சேந்து மிதிக்க. தலை இடிக்காம இருக்கத் தரையை இறக்கறேன்."

"நல்லது. சிக்னி எங்க?"

"அவளா? சைக்கிள்ல வெளிய போயிருக்கா. பனின்னு சொன்னேன், கேக்கல."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நமக்கென்ன, நாம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இல்லையே. இதைப் படிக்க உட்காருமுன் முதுகுக்குத் தலையணை வைத்து, அது சரியில்லையென்று எடுத்து, விளக்கைத் திருப்பி, நாற்காலியை நகர்த்தியதெல்லாம் வேறு விஷயம். நடைப்பயிற்சிக்கு வாங்கிய ஷூ இன்னும் பெட்டியிலேயே, புது வாசனை போகாமல் இருப்பதும் வேறு விஷயம். ஒன்று மட்டும் செய்யுங்கள். நீங்கள் அடியில் படுத்து எதையோ சரிசெய்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில், மேலே உங்களுக்காக யார் மிதித்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு தடவை தலையைத் தூக்கிப் பாருங்கள்.

மெதுவாகத் தூக்குங்கள். மேலே குழாய் இருக்கும்.